திருடனுக்காக வைத்த சுவிட்ச்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மாதம் சங்கக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். காரைத் திருட்டிலிருந்து காப்பாற்ற ஒரு கருவி பொருத்துகிறோம். அது எங்கே இருக்கிறது என்பதை யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது? சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் ‘ஓனருக்கு மட்டும்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதே பதிலைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு காலத்தில் ஒரு நல்ல மனிதரைச் சாகக் கொடுக்க இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நடந்தது. கிருஷ்ணகிரியும் ஒசூரும் அப்போது நம் மாவட்டத்திலேயே இருந்தன. தருமபுரியில் ஒரு கார் காணாமல் போனால், சொந்தக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்குள் அது ஒசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய்விடும் என்று பேசிக்கொள்வார்கள். இன்று போல வீட்டுக்கு வீடு கார் இல்லை. பல ஊர்களில் ஒன்றுதான் இருக்கும். அது போனால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பே போய்விடும். ஒரே வருடத்தில் டவுனில் இரண்டு டாக்சிகள் காணாமல் போனதும் எல்லாரும் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாவியிலிருந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு சுவிட்சை வைத்துவிடுவேன். அதை அணைத்துவிட்டு இறங்கினால், யார் எந்தச் சாவியைப் போட்டாலும் செல்ஃப் சுற்றுமே தவிர எஞ்சின் பிடிக்காது. திருடன் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, வண்டி ரிப்பேர் என்று நினைத்துப் போய்விடுவான். என் திறமையெல்லாம் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருந்தது. ஒரு வண்டியில் வைத்த இடத்தில் இன்னொரு வண்டியில் வைக்க மாட்டேன். எங்கேயும் எழுதி வைக்கவும் மாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. அந்தக் கர்வத்தில் ஒரு ஸ்டிக்கர் அச்சடித்தேன். ‘இந்த வண்டியில் ரகசியத் திருட்டுத் தடுப்பு உள்ளது’ என்று பெரிய எழுத்து. கீழே என் பெயர், பக்கத்துக் கடையின் போன் நம்பர். வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியின் முன் கண்ணாடியிலும் அதை ஒட்டி அனுப்பினேன்.

பென்னாகரத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தம் பியட் காருக்கு என்னிடம் சுவிட்ச் வைத்துக்கொண்டு போனார். சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகல் எனக்குப் போன் வந்தது. என் ஷெட்டில் போன் கிடையாது. பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் கூப்பிடுவார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என்னோடு தமிழில் பேசும்போதும் ‘பேகா வாங்க, பேகா வாங்க’ என்று அவசரப்படுத்துவார். போய் எடுத்தேன். அவ்வளவு பணிவான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“வணக்கங்க. ஜவுளிக்கடை முதலாளியோட டிரைவர் பேசறேங்க. முதலாளி பொம்மிடி ஸ்டேஷன்ல வண்டிய விட்டுட்டு ரயில்ல சேலம் போயிட்டாருங்க. சாவி என்கிட்ட குடுத்தாரு, சுவிட்சு எங்கன்னு சொல்ல மறந்துட்டாருங்க. வண்டி வெயில்ல காயுது, நெழல்ல எடுத்து வெக்கலாம்னு பாத்தேங்க.”

வண்டி வெயிலில் காய்கிறதே என்று கவலைப்படும் டிரைவர். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒரே வரியில் இடத்தைச் சொல்லிவிட்டு, முதலாளியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

அந்த ஜவுளிக்கடைக்காரருக்கு டிரைவரே கிடையாது. அவரேதான் ஓட்டுவார். அவர் ரயில் ஏறியதைப் பார்த்துவிட்டுத் திருட வந்தவன், முன் கண்ணாடியில் என் ஸ்டிக்கரைப் படித்து, அதிலிருந்த நம்பருக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறான். மூன்று மாதம் கழித்து ஒசூர் பக்கம் ஒரு செங்கல் சூளையின் பின்னால் அந்த பியட்டின் கூடு மட்டும் கிடைத்தது.

அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை நானே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு, “இனிமே நேர்ல வந்து நிக்கற ஓனரத் தவிர வேற யாருக்கும் சொல்லாதீங்க” என்றார். அந்த வார்த்தையைச் சத்தியம் போல எடுத்துக்கொண்டேன். ஸ்டிக்கர் கட்டை அன்றே அடுப்பில் போட்டேன். வந்த வண்டிகளில் ஒட்டியிருந்ததையும் பிளேடால் சுரண்டி எடுத்தேன். சர்வீசுக்கு வராத வண்டிகளில் மட்டும் அது அப்படியே இருந்தது.

அப்படி ஸ்டிக்கர் மிச்சமிருந்த வண்டிகளில் ஒன்று சவரிமுத்துவின் கருப்பு அம்பாசிடர்.

சவரிமுத்து பாப்பாரப்பட்டிக்காரர். அப்பா காலத்திலிருந்து விவசாயக் குடும்பம். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலமும், அதோடு ஒரு டாக்சியும் வைத்திருந்தார். சுற்றுப்பட்டில் பிரசவம் என்றாலும் அவர் வண்டிதான், கல்யாணம் என்றாலும் அவர் வண்டிதான். தீர்த்தமலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் மலை ஏறி இறங்கும் வரை கீழே வண்டிக்குள் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். யாராவது கேலி செய்தால், சாமிங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்கதான் என்பார். ஒல்லியான ஆள். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும்.

அவருக்குச் சுவிட்ச் வைத்துக் கொடுத்த அன்று, கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டார்.

“எங்க வூட்டுல அவளுக்கு மட்டும் காட்டி வெக்கட்டுங்களா?”

“வேணாங்க. பொம்பளைங்க தண்ணிக் கொழாய்கிட்ட பேசிக்குவாங்க, அப்பறம் ஊருக்கே தெரிஞ்சிரும்” என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். மறைக்காமல் எழுதுகிறேன். சவரிமுத்து தலையாட்டிவிட்டுப் போனார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். மனைவி ரெஜினாவிடம், தருமபுரி பெருமாளு, அதாவது நான், ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னாராம். எங்கே என்று சொல்லவில்லை.

பியட் போய் ஐந்தாறு மாதம் இருக்கும். காலை ஒன்பதரை மணி. ஒரு ஜீப்பின் டைனமோவைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார், பாப்பாரப்பட்டி போஸ்டாபீசிலிருந்து போன் என்று.

எடுத்ததும் ஓர் ஆண் குரல் கத்தியது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

“சுவிட்சு எங்கய்யா இருக்குது? சீக்கிரம் சொல்லு.”

யார் என்று கேட்டேன். சவரிமுத்துவின் மச்சினன் அந்தோணி என்றான். மாமாவைப் பாம்பு கடித்துவிட்டது, வண்டி எடுக்க வேண்டும், ஸ்டார்ட் ஆகவில்லை என்றான். சவரிமுத்துவைப் பேசச் சொல் என்றேன். அவரால் பேச முடியவில்லை என்றான். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

“கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கறயே.”

எனக்குப் பியட் ஞாபகம் வந்தது. அதே கண்ணாடி, அதே ஸ்டிக்கர், அதே கேள்வி. ஓனர் பேச முடியாத நிலையில் இருக்கிறார் என்று சொல்வதை விட வசதியான பொய் ஒன்று உண்டா? சுவிட்சைப் பற்றித் தவிர அவன் வேறெதுவும் பேசவில்லை. நான் தயங்கத் தயங்க அவன் குரல் உயர்ந்தது. கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டியது என் சந்தேகத்தை இன்னும் இறுக்கியது. நேரில் வந்து நிற்கும் ஓனருக்குத்தான் சொல்லுவேன் என்று சொல்லி, போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். “நெஜமா இருந்தா?” என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடையில் நான் நின்ற நேரத்தைத்தான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அதைக் கடைக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தாலும் என்னால் சொல்ல முடியாது. சவரிமுத்துவின் வண்டியில் சுவிட்சை எங்கே வைத்தேன் என்பது எனக்கே ஞாபகத்துக்கு வரவில்லை. அவருக்கு வைத்துக் கொடுத்த வாரம் இரண்டு கருப்பு அம்பாசிடர்களுக்கு வேலை செய்திருந்தேன். ஒன்றில் பின் சீட்டுக்கு அடியில். இன்னொன்றில்? எது யாருடையது? எழுதி வைக்காததைப் பெருமையாக நினைத்தவன், இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரியாக எட்டு நிமிடம் கழித்து மறுபடியும் மணி அடித்தது. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்கிறேன். இந்தத் தடவை ஒரு பெண் குரல். அழவில்லை. ஓடி வந்த மூச்சு மட்டும் கேட்டது.

“அண்ணா, நான் ரெஜினா பேசறேங்க. சவரிமுத்து சம்சாரம்.”

அதற்கு முன் ரெஜினாவிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குரல் அவருடையதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பெண்ணையும் கூட்டு சேர்த்துக்கொண்டு பேசுகிறார்கள் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்த நொடிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

என்ன கேட்பது என்று தெரியாமல், யோசிக்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான் கேட்டேன்: “அவரு எப்படி இருக்காரு?”

கேட்டதும் அவர் சொன்னார். கிணற்று மோட்டார் போடப் போன இடத்தில் நல்ல பாம்பு வலது கையில் கொத்திவிட்டது. வரப்பிலேயே விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். கண்ணிமை இரண்டும் தொங்கிவிட்டது. நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது. காலை பஸ் போய்விட்டது. ஊரில் இருந்த இன்னொரு ஜீப் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டு ரெஜினா கடைசியாக ஒன்று சொன்னார்.

“என்னமோ சொல்ல வர்றாருங்க, புரிய மாட்டேங்குது. எடது கால மட்டும் தரையில அழுத்திக்கிட்டே இருக்காரு. வெசம் ஏறி இழுக்குதுன்னு நாங்க புடிச்சுத் தேச்சு வுடறோம். வுட்டா மறுபடியும் அழுத்தறாருங்க.”

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. இடது கால். அம்பாசிடரில் கிளட்ச் பெடலுக்கு இடது பக்கம் ஹெட்லைட்டை டிம் பண்ணுவதற்குக் காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதே மாதிரி இன்னொரு சுவிட்சை அதற்கும் தள்ளி, கால் வைக்கும் ரப்பர் மேட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு மிதி மிதித்தால் இணைப்பு வரும், இன்னொரு மிதி மிதித்தால் போகும். வைத்த எனக்கு மறந்துவிட்டது. பாம்பு கடித்துத் தரையில் கிடந்த மனிதர் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் காலைப் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை எந்தத் திருடனாலும் கற்பனை செய்து சொல்ல முடியாது. அது ரெஜினாதான்.

“அம்மா, கேளுங்க. டிரைவர் சீட்டுக்கு முன்னால கீழ ரப்பர் மேட்டு இருக்குது. அதத் தூக்குங்க. எடது ஓரத்துல ரெண்டு குமிழ் இருக்கும். ஓரமா இருக்கறத ஒரே ஒரு தடவ மிதிக்கணும். ஒரு தடவதான். டக்குன்னு சத்தம் கேக்கும்.”

நான் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னார். அதற்குள் இன்னொன்று எனக்கு உறைத்தது. அந்தோணி இவ்வளவு நேரம் செல்ஃப் அடித்து அடித்து பாட்டரியை இறக்கியிருப்பான். மிதித்தபிறகு செல்ஃப் சுற்றாவிட்டால் பயப்பட வேண்டாம், நாலு பேர் சேர்ந்து தள்ளினால் பிடித்துக்கொள்ளும் என்றேன். சரிங்கண்ணா என்ற குரலோடு செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம் கேட்டது. போனை அவர் திரும்ப வைக்கவே இல்லை.

அந்தக் காலத்துப் போனில் மூன்று நிமிடம் ஆனால் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் நடுவில் வருவார். வந்தார். யாரென்று தெரியாத ஒரு பெண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“நான் லைன கட் பண்ணலைங்க. நீங்க அப்படியே இருங்க” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் லைனில் காத்திருந்தோம். தூரத்தில் ஆட்கள் கூவுகிற சத்தம். அது தள்ளுகிற சத்தமா, அழுகிற சத்தமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போஸ்டாபீஸ்காரர் போனை எடுத்து, “வண்டி போயிருச்சுங்க” என்றார். ஆபரேட்டர் ஒரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதோடு லைன் துண்டானது. அந்த அம்மாள் யாரென்று கடைசி வரை எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். கருப்பு அம்பாசிடர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓட்டி வந்த அந்தோணிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இறங்கி என்னைப் பார்த்தான். நான் யாரென்று சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை. “கால் பக்கம் புடிங்க” என்றான். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

மருந்து ஏற்றினார்கள். ஆனால் அதற்குள் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் ஒரு ரப்பர் பையைக் கொண்டுவந்து, மூச்சுக்குழாயோடு மாட்டி, அதை எப்படி அழுத்திவிட வேண்டும் என்று எங்களுக்குக் காட்டினார். நர்ஸ்கள் இரண்டே பேர், வார்டு நிறைய ஆட்கள். அதனால் அந்தோணியும் ரெஜினாவும் நானும் மாற்றி மாற்றி அழுத்தினோம். நாம் அழுத்தினால் அவர் நெஞ்சு மேலே வரும், விட்டால் கீழே போகும். என் முறை வரும்போதெல்லாம் அந்த எட்டு நிமிடத்தைத்தான் நினைத்தேன். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எட்டு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கை எண்ணிக்கொண்டே இருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் தானாக மூச்சு விட ஆரம்பித்தார். அதற்கும் மறுநாள் இமை தூக்கியது. குழாயை எடுத்தபிறகு, கரகரத்த குரலில் அவர் முதலில் பேசியது ரெஜினாவிடம்தான்.

“கால எதுக்குடி தேச்சீங்க?”

ரெஜினா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். இரண்டு நாளில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அந்தோணி எழுந்து வெளியே போனான். நானும் அவன் பின்னால் போய்விட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மன்னிப்புக் கேட்கப் போனேன். சவரிமுத்துவிடம் பியட் கதையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பயந்தது நியாயந்தான் பெருமாளு, நான் உன் எடத்துல இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன் என்றார். ரெஜினா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“வண்டிய ஊரான் கொண்டு போகக் கூடாதுன்னுதான் சுவிட்சு வெச்சீங்க. சரிங்கண்ணா. வூட்டுல இருக்கற நானும் ஊரானுங்களா?”

பையை என் கையில் கொடுத்து, வண்டி வரைக்கும் கொண்டு வாங்கண்ணா என்றார். வீட்டு ஆளிடம் கொடுப்பது போல. கொண்டு போனேன்.

அந்த வாரத்திலிருந்து என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். சுவிட்ச் வைக்க வருகிறவர் வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வண்டியைத் திருப்பிக் கொடுப்பேன். மனைவியோ, அம்மாவோ, மகளோ, யாராக இருந்தாலும் சரி. அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சுவிட்சைக் கையாலோ காலாலோ தொட வைத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ண வைப்பேன். ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் ஓட்டத் தெரிந்தவர் எவராவது இருப்பார். அவரிடம் வண்டியை உயிரோடு ஒப்படைக்கத் தெரிந்தால் போதும். கூடவே ஒரு நோட்டும் போட்டேன். அதில் எனக்கு மட்டும் புரிகிற குறி இருக்கும். தெய்வம் கொடுத்த ஞாபக சக்தி என்று நம்பிக்கொண்டிருந்ததை அன்றோடு விட்டுவிட்டேன்.

சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். ஒருவர், என் வீட்டுக்காரி கடைத்தெருவுக்கே வந்ததில்லை என்றார். ஆனாலும் கூட்டி வந்தார். அந்த அம்மாள் பதினோரு வருடமாக அந்தக் காரின் பின் சீட்டில் மட்டும் உட்கார்ந்தவர். முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்து, இங்கேயிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியுமா என்று கேட்டார். இன்னொரு வீட்டு அம்மாள், நான் காட்டுவதற்கு முன்பே கையை விட்டுச் சரியாகச் சுவிட்சைத் தொட்டார். வாரா வாரம் வண்டியைத் துடைக்கிறவர். நேற்று வரைக்கும் இங்கே இது இல்லையே என்றார். அந்தச் சுவிட்சைக் கழற்றி வேறு இடத்தில் வைத்தேன். கர்வம் குறைவதற்கு அதுவும் உதவியது. இப்படித் தெரிந்துகொண்ட எந்த வீட்டுப் பெண்ணின் மூலமாகவும் எனக்குத் தெரிந்து ஒரு வண்டியும் திருட்டுப் போகவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நான் மனிதரை நினைக்காமல் வண்டியை மட்டும் நினைத்து இரண்டு தடவையும் தவறினேன். முதல் தடவை, மரியாதையாகப் பேசினான் என்பதற்காக நம்பினேன். இரண்டாவது தடவை, திட்டினான் என்பதற்காக நம்பவில்லை. பதற்றத்தில் இருப்பவனுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? ‘அவர் எப்படி இருக்கிறார்’ என்ற கேள்வியை நான் அந்தோணியிடமே கேட்டிருந்தால், அவனும் அந்தக் காலைப் பற்றிச் சொல்லியிருப்பான். எட்டு நிமிடம் மிஞ்சியிருக்கும். உங்களுக்கும் இப்படிப் போன்கள் வரும். வண்டியைத் திறக்கும் ரகசிய நம்பரைக் கேட்பார்கள், லாக்கை எடுத்துவிடச் சொல்வார்கள். நீ யார் என்று கேட்டால், பொய் சொல்ல வந்தவன் அதற்குப் பதிலோடுதான் வந்திருப்பான். அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் போன் வராமலே இருக்கும்படி முதல் நாளே செய்துவிடுங்கள். வண்டியைக் கொடுக்கும்போது, வீட்டில் இன்னும் யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்காமல் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு ஒரு வருடம் போயிருக்கும். ஒரு நாள் காலை சவரிமுத்துவின் அம்பாசிடர் ஷெட்டுக்குள் வந்து நின்றது. மெதுவாக, ஆனால் நேராக. டிரைவர் சீட்டில் ரெஜினா. பக்கத்தில் சவரிமுத்து, கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி. பென்னாகரம் ரோட்டில் தாமே கற்றுக்கொடுத்ததாகவும், கற்றுக்கொடுத்ததில் தமக்குத்தான் வேர்த்துப்போனதாகவும் சொன்னார். லைசென்சும் எடுத்தாயிற்று.

வேலை என்ன என்று கேட்டேன். ரெஜினா இறங்கி வந்தார்.

“அந்த சுவிட்சு அவரு காலுக்கு வெச்சதுங்கண்ணா. எனக்கு எட்ட மாட்டேங்குது. எனக்கு எட்டற எடமாப் பாத்து வைங்க.”

சரி என்றேன். சவரிமுத்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ரெஜினா அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

“நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. வேல நடக்குது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்குரூ டிரைவரைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன். அவர் இறங்கி, கண் இரண்டும் மூடிக்கொள்ளச் சிரித்துக்கொண்டே, எதிர்த்த டீக்கடைக்குப் போனார். புதிய இடத்தை ரெஜினாவே தேர்ந்தெடுத்தார். எனக்குத் தோன்றாத இடம். முடிந்ததும் இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, கணவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவர் கையைப் பிடித்து, சுவிட்ச் இருந்த இடத்தில் வைத்தார். சவரிமுத்து சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்துக்கொண்டது. அவர் என்னிடம் தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

“இருங்க” என்றார் ரெஜினா. “நிறுத்திட்டு இன்னொரு தடவ எடுங்க. நான் பாக்கணும்.”